படுத்துவிட்டால் சம்பளம் யார் தருவது? நோய்க்கால விடுப்பும் மருத்துவ வசதியும்: ஓர் எளிய அறிமுகம்

உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு தொழிலாளிக்கு இரண்டு பக்கமும் அடி விழுகிறது. வேலைக்குப் போகாததால் வரவு நிற்கிறது. டாக்டர், மருந்து, பரிசோதனை என்று செலவு ஏறுகிறது. வரவு நின்ற அதே வாரத்தில்தான் செலவும் வந்து நிற்கும். முதல் அடியைத் தாங்குவதற்காக வந்தது சம்பளத்துடன் கூடிய விடுப்பு. இரண்டாவதைத் தாங்குவதற்கு மருத்துவ வசதி. இரண்டையும் தனித்தனிக் கோரிக்கைகளாகப் பேசுவதுதான் வழக்கம். ஒன்று இல்லாவிட்டால் மற்றதில் பாதிக்குமேல் வீணாகிவிடும் என்பது என் எண்ணம். அது ஏன் என்றுதான் இங்கே சொல்லப் போகிறேன்.

அரசு மருத்துவமனையில் சிகிச்சை முழுக்க இலவசம் என்றே வைத்துக்கொள்வோம். வெளிநோயாளிகள் பிரிவு காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடுகிறது. தொழிலாளியின் ஷிப்டும் அதே நேரத்தில்தான். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ரத்தம் கொடுத்துவிட்டு வந்தால், ரிப்போர்ட்டுக்கு நாளைக்கு வா என்கிறார்கள். இரண்டு நாள் கூலி போயிற்று. அந்த இலவச சிகிச்சைக்கு அவர் கொடுத்த விலை அதுதான். அதைக் கொடுக்க முடியாதவர் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் வருஷக்கணக்காகக் கண்டுபிடிக்கப்படாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காசநோயைப் பாருங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். பெரும்பாலான நாடுகளில் மருந்துக்குக் காசு வாங்குவதில்லை. அப்படியிருந்தும், காசநோய் வந்த குடும்பங்களில் ஏறக்குறைய பாதிக்கு, அந்த நோயால் ஏற்படும் மொத்தச் சுமை ஆண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போக்குவரத்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழந்த வருமானம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மருந்தை இலவசமாகக் கொடுத்துவிட்டு, கூலியை மறந்துவிட்டால் இதுதான் நடக்கும்.

மறுபக்கமும் உண்டு. விடுப்பு கிடைக்கிறது, ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் டாக்டர் இல்லை, இருந்தாலும் கட்டணம் கட்ட முடியாது என்றால், அந்த விடுப்பில் வீட்டில் சுருண்டு படுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

எந்த விடுப்பைப் பற்றிப் பேசுகிறோம்?

விடுப்பு என்ற ஒரே பெயருக்குள் நாலைந்து விஷயங்கள் இருக்கின்றன. ஆண்டு விடுப்பு ஓய்வுக்காக. நோய்க்கால விடுப்பு உடம்பு தேறுவதற்காக. பேறுகால விடுப்பு தாய்க்கும் குழந்தைக்குமாக. அப்புறம், வீட்டில் வயதானவரோ குழந்தையோ படுத்துவிட்டால் பார்த்துக்கொள்வதற்கான விடுப்பு. பல இடங்களில் இது இன்னும் பெயரளவில்கூட இல்லை.

நிர்வாகங்கள் அடிக்கடி செய்கிற ஒரு வேலை, முதல் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவிடுவது. டைபாய்டு வந்து பத்து நாள் படுத்திருந்தவரிடம், "உன் வருஷ லீவில் பத்து நாள் கழிந்தது" என்பார்கள். அவர் ஓய்வெடுக்கவில்லை, நோயோடு கிடந்தார். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1970-ஆம் ஆண்டு உடன்படிக்கை, வருடத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் சம்பளத்துடன் ஆண்டு விடுப்பு தர வேண்டும் என்கிறது. அதோடு, ஒவ்வொரு நாடும் வகுக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, நோயால் வேலை செய்ய முடியாத நாட்களை அந்த மூன்று வாரத்தில் கழிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதைக் கையெழுத்திட்டு ஏற்ற நாடுகள் குறைவு. ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்து வைக்க இது ஒரு நல்ல அளவுகோல்.

இதற்கெல்லாம் முன்பே, ஐக்கிய நாடுகள் சபையின் 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனம் 24-ஆம் பிரிவில் சம்பளத்துடன் கூடிய விடுமுறையையும், 25-ஆம் பிரிவில் மருத்துவ வசதியையும் நோய்க்காலப் பாதுகாப்பையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறது. ஆக, இவை யாரோ தாராள மனதோடு கொடுக்கிற சலுகைகள் அல்ல.

நூறு ஆண்டுகளுக்கு மேலான கதை

1883-இல் ஜெர்மனியில் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கின் ஆட்சி ஒரு சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளர்களும் முதலாளிகளும் ஒரு நிதிக்குச் சந்தா கட்ட வேண்டும்; தொழிலாளர் மூன்றில் இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. நோய் வந்தால் அந்த நிதி 13 வாரம் வரை பாதிக் கூலி தரும். டாக்டர் செலவையும் மருந்துச் செலவையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சோஷலிஸ்டுகள் பக்கம் போய்க்கொண்டிருந்த தொழிலாளர்களை இழுத்துப் பிடிப்பதுதான் பிஸ்மார்க்கின் நோக்கம். நோக்கம் எதுவானாலும், கூலியும் சிகிச்சையும் முதல் சட்டத்திலேயே ஒன்றாக இருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். இரண்டும் பிரிந்தது பின்னால்தான்.

1911-இல் பிரிட்டனில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் இதே வழியில் போனார். தொழிலாளி வாரம் நான்கு பென்ஸ், முதலாளி மூன்று, அரசு இரண்டு. "நான்கு பென்ஸுக்கு ஒன்பது பென்ஸ்" என்று சொல்லித்தான் மக்களிடம் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த மருத்துவ வசதி சந்தா கட்டியவருக்கு மட்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிடையாது. அந்த ஓட்டை அடைபட 1948 ஜூலை 5-ஆம் தேதி எல்லோருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவை தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு வேலைநிறுத்தம். 1950-களில் ஜெர்மனியில் அலுவலக ஊழியர் நோயில் படுத்தால் ஆறு வாரம் முழுச் சம்பளம் முதலாளியிடமிருந்து வரும். அதே நிறுவனத்தில் கப்பல் கட்டும் தொழிலாளி படுத்தால், முதல் சில நாட்களுக்கு ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு காப்பீட்டு நிதியிலிருந்து கூலியில் ஒரு பகுதி. ஒரே நிறுவனம், ஒரே காய்ச்சல், மேசையில் உட்கார்ந்தவருக்கு ஒரு நியாயம், வெல்டிங் செய்தவருக்கு ஒரு நியாயம். 1956 அக்டோபர் 24-ஆம் தேதி வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தில் உலோகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். 30,000-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்ட அந்தப் போராட்டம், கடும் பனிக்காலம் முழுவதும் தொடர்ந்து, 1957 பிப்ரவரி நடுவில்தான் முடிந்தது. பதினாறு வாரங்கள். அதன் முக்கியக் கோரிக்கையே நோய்க்காலச் சம்பளம்தான்.

அந்த ஆண்டே நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்து நிலைமை கொஞ்சம் மேம்பட்டது. முழுச் சமத்துவம், அதாவது உடல் உழைப்புத் தொழிலாளிக்கும் ஆறு வாரம் முழுச் சம்பளம் என்பது 1970 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தோடும் கதை முடியவில்லை. 1996-இல் அதை 80 சதவீதமாகக் குறைத்தார்கள். எதிர்ப்பு கிளம்பி, ஆட்சி மாறி, 1999-இல் மறுபடி நூறு சதவீதம் ஆயிற்று. ஒருமுறை வாங்கிவிட்டோம், இனி கவலையில்லை என்று இருந்துவிட முடியாது.

காகிதத்தில் 60, கையில் 24

சட்டமோ ஒப்பந்தமோ வாசிக்கும்போது புதியவர்கள் தவறவிடுகிற ஒரு சொல் "காத்திருப்பு நாட்கள்". நோய் வந்த முதல் சில நாட்களுக்குப் பணம் கிடையாது, அதற்குப் பிறகுதான் உண்டு என்பது அதன் பொருள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1969-ஆம் ஆண்டு உடன்படிக்கை, நோய்க்காலத்தில் வருமானத்தில் குறைந்தது 60 சதவீதம் தர வேண்டும் என்கிறது. ஆனால் மூன்று நாள் வரை காத்திருப்பு வைத்துக்கொள்ளவும் அனுமதிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஐந்து வேலை நாள் காய்ச்சல். முதல் மூன்று நாள் காத்திருப்பு, ஒன்றும் இல்லை. மீதி இரண்டு நாளுக்கு 60 சதவீதம், அதாவது 1.2 நாள் கூலி. ஐந்து நாள் இழப்புக்கு 1.2 நாள் என்றால் 24 சதவீதம். காகிதத்தில் 60 என்று எழுதியிருக்கிறது, கைக்கு வருவது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இதே ஆள் முப்பது வேலை நாள் படுத்திருந்தால் 27 நாளுக்கு 60 சதவீதம், அதாவது 16.2 நாள் கூலி; 54 சதவீதம் ஆகிறது. ஆக, காத்திருப்பு நாட்களின் சுமை பெரும்பாலும் சின்ன நோய்கள் மேல்தான் விழுகிறது. ஃப்ளூ, வயிற்றுப்போக்கு, வைரஸ் காய்ச்சல் போன்ற சின்ன நோய்கள்தான் பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டுகிறவை. வீட்டில் இருக்க வேண்டிய அந்த மூன்று நாளில்தான் மனிதரை வேலைக்கு விரட்டுகிறோம்.

இதன் விளைவு தொழிலாளியோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நடத்திய ஆய்வில், உணவகத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் முந்தைய ஓராண்டில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தபோதும் ஒரு ஷிப்டாவது வேலை பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? வராவிட்டால் கூலி இல்லை, இரண்டு முறை வராவிட்டால் வேலையே இல்லை. சம்பளத்துடன் நோய் விடுப்பைக் கட்டாயமாக்கிய அமெரிக்க நகரங்களிலும் மாநிலங்களிலும் ஃப்ளூ போன்ற காய்ச்சல்கள் குறைந்ததைப் பொருளாதார ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வேலைக்காரருக்குக் கொடுத்த லீவு, சாப்பிட வந்தவரின் வயிற்றையும் காப்பாற்றுகிறது.

பணம் யார் தருவது?

கேள்விகளிலேயே பெரியது இதுதான். மூன்று வழிகள் உண்டு. முதலாளி தன் கையிலிருந்து தருவது ஒன்று. எல்லோரும் சந்தா கட்டிய பொது நிதியிலிருந்து தருவது இன்னொன்று. வரிப்பணத்திலிருந்து அரசு தருவது மூன்றாவது. நடைமுறையில் பல நாடுகள் இவற்றைக் கலந்து வைத்திருக்கின்றன. முதல் சில வாரங்கள் முதலாளி, அதற்குப் பிறகு நிதி.

நீண்டகால விடுப்பை முதலாளி ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது தவறான அமைப்பு என்றே நான் நினைக்கிறேன். ஆறு பேர் வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் ஒரு பெண்ணுக்குப் பல மாதப் பேறுகாலச் சம்பளம் முழுவதையும் முதலாளி தர வேண்டும் என்றால், அடுத்தமுறை அவர் இளம்பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குவார். உரிமை கொடுக்க வந்த சட்டமே வேலைக் கதவை அடைத்துவிடும். இந்த ஆபத்தை உணர்ந்துதான், குறைந்தது 14 வாரப் பேறுகால விடுப்பை வலியுறுத்தும் 2000-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை, அந்தச் செலவைப் பொதுவாகக் கட்டாயச் சமூகக் காப்பீடோ பொது நிதியோ ஏற்க வேண்டும், தனி முதலாளி மேல் சுமத்தக் கூடாது என்கிறது. இந்தியாவில் 2017-இல் பேறுகால விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியபோது, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வராத பெண்களுக்கான செலவு முதலாளியிடமே விடப்பட்டது. 26 வாரம் என்பதை நான் மனதார வரவேற்கிறேன். பணம் வரும் வழியையும் அப்போதே சரிசெய்திருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அந்தத் திட்டம், நோய்க்காலத்தில் கூலியின் ஒரு பகுதியும் குடும்பத்துக்கு மருத்துவமும் ஒரே அட்டையில் தருகிற அமைப்பு. அதன் மருந்தகங்களில் கூட்டமும் தாமதமும் இருப்பது வேறு விஷயம். அடிப்படை வடிவம் சரியானது.

"கொடுத்தால் துஷ்பிரயோகம் செய்வார்கள்"

இந்த வாதம் எங்கே போனாலும் வரும். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2006-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம், ஒவ்வொரு 30 மணி நேர வேலைக்கும் ஒரு மணி நேர நோய் விடுப்பு என்ற விதியைக் கொண்டுவந்தது. வேலை பார்க்கப் பார்க்க விடுப்பு சேர்ந்துகொண்டே வரும். பகுதிநேர வேலைக்காரருக்கும் அவர் உழைத்த அளவுக்கு உண்டு. நிறுவனத்தின் அளவைப் பொறுத்து ஐந்து அல்லது ஒன்பது நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். சில ஆண்டுகள் கழித்து எடுத்த கணக்கெடுப்பில், ஒரு சராசரித் தொழிலாளி எடுத்தது மூன்று நாள். கால்வாசிப் பேர் ஒரு நாள்கூட எடுக்கவில்லை. நல்ல நாளில் வீணடிக்காமல், கெட்ட நாளுக்கென்று மிச்சம் பிடிக்கிறார்கள். உழைக்கிறவர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவே இருக்காது.

துஷ்பிரயோகத்தைத் தடுக்க என்று ஒரு நாள் லீவுக்கும் மெடிக்கல் சர்டிபிகேட் கேட்பதும் நல்ல வழி அல்ல. சாதாரணக் காய்ச்சலுக்கு வீட்டில் கஞ்சி குடித்துப் படுத்தால் போதும். சான்றிதழுக்காக அவர் பஸ் ஏறி, வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, நோயையும் பரப்பிவிட்டு வர வேண்டியிருக்கிறது. டாக்டரின் பத்து நிமிடமும் போகிறது. மூன்று நாளுக்கு மேல் போனால் சான்றிதழ் என்று வைப்பது நியாயம்.

வேலையோடு கட்டிவைத்த மருத்துவம்

மருத்துவக் காப்பீட்டை வேலையோடு சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே பெரிய உதாரணம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள் பிடித்தன. வரிச் சலுகையும் சேர்ந்துகொண்டது. இன்றும் அங்கே பலருக்கு வேலை போனால் காப்பீடும் போகிறது. கடும் நோய் வந்து வேலை செய்ய முடியாத நிலையில்தான் காப்பீடு மிகவும் தேவை, அப்போதுதான் அது கைநழுவுகிறது.

அதே நாட்டில் 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது. வேலை பறிபோகாது, ஆனால் சம்பளம் கிடையாது. ஐம்பது பேருக்குக் குறைவான தனியார் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. சேமிப்பு உள்ளவரால்தான் அந்தப் 12 வாரத்தை எடுக்க முடியும்.

முதலாளியே இல்லாதவர்கள்

உலகில் வேலை பார்ப்பவர்களில் பத்தில் ஆறு பேர், சுமார் 200 கோடிப் பேர், முறைசாரா வேலைகளில் இருக்கிறார்கள். கட்டட வேலை, வீட்டு வேலை, தெரு வியாபாரம், செயலி வழியே டெலிவரி. இவர்களில் பலருக்கு லீவு லெட்டர் கொடுக்க ஆளே இல்லை. இவர்களைப் பொறுத்தவரை விடுப்பு என்பது, படுத்த நாளுக்கு ஒரு பொது நிதியிலிருந்து வரும் பணம்தான். தாய்லாந்து 2002-க்குள் நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவ வசதியை விரிவாக்கியது. அரசு ஊழியர் திட்டத்திலோ சமூகக் காப்பீட்டிலோ வராத எல்லோரையும், வேலை இருக்கிறதா என்று கேட்காமல் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. சிகிச்சையை வேலையிலிருந்து பிரித்துக் குடியுரிமையோடு சேர்ப்பதுதான் முறைசாராத் தொழிலாளிக்கு உண்மையில் போய்ச் சேரும் வழி என்று நான் நம்புகிறேன். கூலி இழப்புக்கான பணம் இன்னும் எட்டாத பக்கமாகவே இருக்கிறது.

சரி, கேட்பது எப்படி?

முதலில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நியமன ஆணை, நிலையாணைகள் (நிறுவனத்தின் வேலை விதிகள்), சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ன, அது உங்கள் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்த பணம் கட்டப்படாமலே இருப்பது நடக்கும். ஏற்கனவே சட்டத்தில் இருப்பதைப் புதுக் கோரிக்கையாகக் கேட்டால், அதையே பெரிய சலுகையாகக் கொடுத்துவிட்டு மற்றதை மறுத்துவிடுவார்கள்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். தனியாள் கேட்டால் அது அவருடைய பிரச்சினை. இருபது பேர் கேட்டால் அது வேலையிடத்தின் பிரச்சினை. சங்கம் இருந்தால் அதன் வழியே போகலாம். இல்லாத இடத்தில் பெண்கள், இரவு ஷிப்ட்காரர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எல்லோரிடமும் பேசிவிட்டுக் கோரிக்கையை எழுதுங்கள். கடந்த ஆறு மாதத்தில் யார் யார் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார்கள், எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள் என்று, பெயரை வெளியில் சொல்லாமல், ஒரு தாளில் குறித்துவையுங்கள். நிர்வாகத்தோடு பேசும்போது பொதுவான நியாயங்களைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

கோரிக்கையில் "நோய் விடுப்பு வேண்டும்" என்று மட்டும் எழுதினால் போதாது. வருஷத்துக்கு எத்தனை நாள், எத்தனை சதவீதம், முதல் நாளிலிருந்தேயா, சான்றிதழ் எத்தனையாவது நாளில், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ முடியாதபோதும் எடுக்கலாமா, பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் போய்வர முடியுமா என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். விடுப்பு எடுத்ததற்காக ஷிப்டை மாற்றுவது, வருகைப் பதிவு போனஸை வெட்டுவது, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது கூடாது என்பதையும் சேருங்கள். இந்த வரி இல்லாவிட்டால், விடுப்பு இருந்தும் யாரும் எடுக்கப் பயப்படுவார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள் யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். கடைசிப் பேச்சில் விட்டுக்கொடுப்பதற்கு முதலில் எடுக்கப்படுவது அவர்கள் பெயர்தான்.